மூலம் தெரியாத கட்டி

மார்ச் 3
கழுத்தில் இடது பக்கம் கோலிக்குண்டு போல இருந்த நெறிகட்டியில் ஊசி குத்தி எடுத்த டெஸ்ட் ரிசல்ட் வந்துவிட்டது. புற்றுநோய்தான். ஆனால் அங்கே பிறந்தது இல்லையாம். ஸ்குவாமஸ் வகை செல், அதாவது வாய், தொண்டையின் உள்பரப்பை மூடியிருக்கும் தட்டையான செல். தொண்டை, நாக்கு மாதிரி ஏதோ ஓரிடத்தில் ஆரம்பித்து இங்கே வந்து தங்கியிருக்கிறது. மூக்கு வழியாகக் குழாய் விட்டுத் தொண்டையைப் பார்த்தார்கள். கண்ணுக்கு ஒன்றும் படவில்லை.

சரி, தொண்டையில் சதை எடுத்துப் பார்த்துவிடலாமே என்றேன். முதலில் பெட் சி.டி. ஸ்கேன் என்றார் டாக்டர். உடம்பில் எங்கே சர்க்கரை அதிகம் இழுக்கப்படுகிறது என்று காட்டுவதாம். கீறிய இடம் வீங்கினால் ஸ்கேனில் அதுவும் ஒளிருமாம், அப்புறம் எது நோய், எது புண் என்று குழப்பம்.

மார்ச் 5
ஃபைலின் மேல் 'மூலம் அறியப்படாத புற்றுநோய்' என்று எழுதியிருக்கிறது. தம்பி அதைப் படித்துவிட்டு, "மூலம் இல்லைன்னா ஒரு தொல்லை கம்மிதானேக்கா" என்றான். மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தேன்.

நூறு புற்றுநோய்களில் 3 முதல் 5 வரை இப்படி ஊர்பேர் தெரியாமல் வருகின்றனவாம். இடம் தெரிந்தால் அங்கே மட்டும் கதிர்வீச்சைக் குறிவைக்கலாம். தெரியாவிட்டால் சந்தேகப்படும் இடங்களையெல்லாம் சேர்த்துக் காட்ட வேண்டி வரும், எச்சில் சுரப்பிகளும் அடிபடும். எனக்கு அந்த இடம் தெரிந்தாக வேண்டும்.

மார்ச் 9
ஸ்கேன் நாள். ஆறு மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும். நேற்றே உடற்பயிற்சி கூடாது என்று சொல்லியிருந்தார்கள். விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தால் மருந்து கட்டிக்குள் சரியாகப் போகாதாம்.

ஊசி மருந்து ஈயக் கவசத்துக்குள் வந்தது. சிரிஞ்சுக்குள் இருந்தது தண்ணீர் மாதிரி கொஞ்சம். எஃப்.டி.ஜி. என்று பெயர்: குளுக்கோஸ் மாதிரி ஒன்றில் கதிர் விடும் ஃபுளோரின்-18 ஒட்டியது. புற்றுச் செல்கள் சர்க்கரைக்கு அலைபவை என்று ஓட்டோ வார்பர்க் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1920களிலேயே கண்டிருந்தார். இந்தப் போலிச் சர்க்கரையைச் செல் உள்ளே இழுத்துக்கொள்ளும், ஆனால் முழுதாக எரிக்க முடியாது. அங்கேயே மாட்டிக்கொண்டு கதிர் விடும். 110 நிமிடத்துக்கு ஒருமுறை கதிர் பாதியாகிவிடும் என்பதால் எல்லாம் கணக்குப் பார்த்து நடக்கிறது.

அப்புறம் ஒரு மணி நேரம் மங்கலான அறையில் போர்வைக்குள் படுக்கை. குளிரக் கூடாது, குளிர்ந்தால் கழுத்தோரக் கொழுப்பு சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும். பேசக் கூடாது, பேசினால் குரல்வளைத் தசை ஒளிரும். போன் கிடையாது. பேசாதே என்றதும்தான் வாய் அரித்தது. கூரையில் இருந்த சின்னத் துளைகளை எண்ணி எண்ணி, 140க்கு மேல் விட்டுப்போனது. இயந்திரத்தில் படுத்தது இருபது நிமிடம், அது ஒன்றும் பெரிதில்லை.

மார்ச் 11
டாக்டர் திரையில் படத்தைக் காட்டினார். வெள்ளைப் பின்னணியில் சாம்பல் நிறத்தில் என் உருவம். மருந்து அதிகம் சேர்ந்த இடம் இந்தப் படத்தில் கறுப்பாகத் தெரியுமாம். மூளை மை கொட்டியதுபோலக் கறுப்பு, சிறுநீர்ப்பை அதைவிடக் கறுப்பு. பதறிவிட்டேன். மூளைக்குச் சர்க்கரைதான் சாப்பாடு, மீதி மருந்து சிறுநீரில் வெளியேறுகிறது, இரண்டும் இயல்புதான் என்றார். கழுத்துக் கட்டி ஒரு பொட்டு. அதற்குச் சற்று மேலே, உள்பக்கமாக இரண்டு டான்சில்களும் தெரிந்தன. இடதுபக்கம் கொஞ்சம் அதிகம் கறுத்திருந்தது.

"இதுவா?" என்றேன். "இருக்கலாம். நல்ல டான்சிலும் மருந்தைக் கொஞ்சம் பிடிக்கும், சாதாரண சளி இருந்தாலும் பிடிக்கும்" என்றார். ஸ்கேன் காட்டுவது சர்க்கரைப் பசியைத்தான். மூலம் தெரியாதவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான் இதில் இடம் பிடிபடுகிறதாம். அந்த ஒருத்தி நானாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டது விசித்திரமாக இருந்தது.

மார்ச் 17
இடது டான்சிலை முழுதாக எடுத்துவிட்டார்கள். கிள்ளி எடுத்தால் மடிப்புக்குள் ஒளிந்திருப்பது தப்பிவிடுமாம். விழுங்கினால் காதுவரை வலி. இன்று இவ்வளவுதான்.

மார்ச் 24
டான்சிலின் மடிப்புக்குள் 6 மில்லிமீட்டர். கழுத்தில் இருந்த அதே வகை. பி16 என்ற புரதத்துக்கான டெஸ்ட் பாசிட்டிவ், அதாவது எச்.பி.வி. (ஹியூமன் பாப்பிலோமா) வைரஸோடு சேர்ந்து வரும் ரகம், சிகிச்சைக்கு நன்றாகக் கேட்கும் என்றார்கள். குழாய் விட்டுப் பார்த்தபோது ஏன் தெரியவில்லை என்பது அந்த அளவைக் கேட்டதும் புரிந்தது.

ஃபைலில் 'மூலம் அறியப்படாத' என்பதை நர்ஸ் நீலப் பேனாவால் அடித்துவிட்டு 'இடது டான்சில்' என்று எழுதினார். தம்பி அதைப் போட்டோ எடுத்துக்கொண்டான்.

நாளை பல் டாக்டரிடம் போக வேண்டும். கதிர்வீச்சு தொடங்குவதற்குள் சொத்தைப் பல்லையெல்லாம் பார்த்துவிட வேண்டுமாம்.