வீட்டுச் சாதனங்கள்: மெக்கானிக்கைக் கூப்பிடும் முன்

மார்ச் 2

இன்று ஃப்ரிட்ஜ். பிளக்கைப் பிடுங்கிவிட்டு முன்னால் இழுத்து, பின்பக்கக் கறுப்புக் கம்பி வலையை மென்மையான பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் துடைக்க வேண்டும். உள்ளேயிருந்து இழுத்த சூடு இந்தக் கண்டென்சர் வழியாகத்தான் வெளியேறுகிறது. தூசி படிந்தால் சூடு போக வழியில்லாமல் கம்ப்ரசர் ஓய்வின்றி ஓடும், ஆயுளும் குறையும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். நாயோ பூனையோ இருக்கும் வீட்டில் மூன்று மாதம். கம்பி வெளியே தெரியாத மாடல்களில் சூடு பக்கச் சுவர் வழியாகப் போகிறது. அங்கே கை வைத்தால் சுடுவது கோளாறில்லை. சுவருக்கும் பெட்டிக்கும் இடைவெளி விட்டால் போதும்.

கதவு ரப்பரைச் சோதிக்க ஒரு தாள் போதும். தாளை வைத்துக் கதவை மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் பிடிப்பில்லை. புது ரப்பர் வாங்கும் முன் சோப்புத் தண்ணீரில் துடைத்துப் பாருங்கள். மடிப்புக்குள் சேர்ந்த பிசுக்கே பல சமயம் காரணம்.

காய்கறி டப்பாவுக்கு அடியில் தண்ணீர் தேங்கினால், உள்ளே பின்சுவரின் அடியில் உள்ள வடிகால் துளை அடைத்திருக்கும். சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீரை மெதுவாகச் செலுத்தினால் திறந்துகொள்ளும். ஃப்ரீசர் பனியைக் கத்தியால் குத்தவே வேண்டாம். அலுமினியத் தகட்டில் ஊசி முனையளவு ஓட்டை விழுந்தாலும் குளிரூட்டும் கேஸ் முழுவதும் போய்விடும்.

மார்ச் 4

விளக்கு எரிகிறது, குளிர் மட்டும் இல்லை என்றால் கம்ப்ரசர் பக்கம் காதைக் கொடுங்கள். சில நிமிடத்துக்கு ஒருமுறை 'டிக்', சில விநாடி உறுமல், மறுபடி 'டிக்'. கம்ப்ரசர் கிளம்ப முயன்று முடியாமல் ஓவர்லோடு என்ற பாதுகாப்பு சுவிட்ச் அதை நிறுத்துகிறது என்று பொருள். வோல்டேஜ் குறைவு, கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் ஸ்டார்ட்டிங் ரிலே பழுது, கம்ப்ரசரே இறுகிப்போனது என மூன்று காரணங்கள் உண்டு. முதலில் பார்க்க வேண்டியது வோல்டேஜ். அடுத்தது ரிலே, அது சிறிய பாகம், மாற்றுவதும் சுலபம். ரிலேயைச் சோதிக்காமல் கம்ப்ரசர் போய்விட்டது என்று சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

கம்ப்ரசர் நிற்காமல் ஓடியும் கண்டென்சர் சூடாகவில்லை என்றால் கேஸ் கசிந்திருக்கலாம், அல்லது கம்ப்ரசர் அழுத்தம் கொடுக்கவில்லை. இனி நம் கைக்கு வேலையில்லை. கசிவைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும், வேக்குவம் பம்பால் குழாயைக் காலியாக்க வேண்டும், லேபிளில் உள்ள கிராம் கணக்குப்படி எடை போட்டுக் கேஸ் ஏற்ற வேண்டும். லேபிளில் ஆர்600ஏ என்று இருந்தால் அது ஐசோபியூட்டேன், தீப்பற்றக்கூடியது. அதைக் கையாளத் தெரிந்தவரா என்று கேட்டுவிட்டே வரச் சொல்லுங்கள்.

மார்ச் 9

ஃபிரண்ட் லோடு வாஷிங் மெஷினில் தண்ணீர் வெளியேறவில்லை. இதை வீட்டிலேயே சரிசெய்துவிடலாம். மெயின் சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்குங்கள். உள்ளே வெந்நீர் இருந்தால் ஆறவிடுங்கள். முன்பக்கம் கீழ் மூலையில் சிறிய கதவு இருக்கும். அடியில் தட்டையான தட்டும் துணியும் வைத்து, ஃபில்டரை இடஞ்சுழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள். ஒரேயடியாகக் கழற்றினால் டிரம்மில் நிற்கும் தண்ணீரெல்லாம் தரைக்கு வரும். நாணயம், ஹேர்பின், குழந்தை சாக்ஸ் என ஏதாவது சிக்கியிருக்கும். ஃபில்டரைக் கழுவியதோடு நிற்காமல் உள்ளே டார்ச் அடித்துப் பம்பின் இறக்கையை விரலால் சுற்றிப் பாருங்கள். பல பம்புகளில் காந்த ரோட்டர் என்பதால் விட்டுவிட்டுச் சுற்றுவது இயல்பு. அசையவே இல்லையென்றால் நூலோ முடியோ சுற்றியிருக்கும், இடுக்கியால் எடுங்கள். பிறகு வடிகுழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தும் பம்ப் சத்தமே போடவில்லை என்றால் கோளாறு பம்பிலோ மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டிலோ, மெக்கானிக்கைக் கூப்பிடலாம்.

தண்ணீர் மெதுவாக ஏறினால் இன்லெட் குழாய் மாட்டும் இடத்தில் உள்ள சிறு வலையில் மணலும் உப்பும் அடைத்திருக்கும். தண்ணீர் வரும் குழாயை மூடி, இன்லெட் குழாயைக் கழற்றி, வலையை இழுத்து, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் முடிந்தது.

ஸ்பின்னில் வேகம் ஏற ஏற இரைச்சலும் ஏறினால் பேரிங். காலி டிரம்மின் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். வெளித் தொட்டியோடு சேர்ந்து அசைவது சரி. டிரம் மட்டும் தனியே ஆடினால் பேரிங் தேய்ந்திருக்கிறது. முழு மெஷினையும் பிரிக்கும் வேலை இது, வீட்டில் தொடாதீர்கள். அதே சமயம் தள்ளியும் போடாதீர்கள். சீல் வழியே தண்ணீர் இறங்கி ஷாஃப்டையும் அரித்துவிட்டால் செலவு பலமடங்கு.

மார்ச் 15

கீசர் போட்டதும் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிறது. இதை ஒருபோதும் அலட்சியப்படுத்தக் கூடாது. ஹீட்டிங் எலிமென்ட்டின் உறை வெடித்து உள்ளே தண்ணீர் போனால் மின்சாரம் எர்த்துக்குக் கசியும். வீட்டில் பொதுவாகப் போடும் ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும்படி அமைந்தது. அந்த அளவே உயிருக்கு ஆபத்தானது. கீசர் பிளக்கைப் பிடுங்கியபின் ஆர்சிசிபி விழாமல் நின்றால் கோளாறு கீசரில். அப்போதும் விழுந்தால் வயரிங்கிலோ வேறு சாதனத்திலோ. இவ்வளவு கண்டுபிடிப்பது நம் வேலை, மீதி எலக்ட்ரீஷியன் வேலை. ஆர்சிசிபியை பைபாஸ் செய்து தருகிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சூடேறும்போது சேஃப்டி வால்விலிருந்து சொட்டுவது இயல்பு. சூடான தண்ணீர் விரிகிறது, அது வெளியே போக வேண்டும். அந்தத் துளையை அடைத்தால் டாங்கி வெடிக்கலாம். ஆறிய பின்னும் நிற்காமல் சொட்டினால் வால்வையும் தண்ணீர் லைன் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

டாங்கிக்குள் மக்னீசியம் ஆனோடு கம்பி இருக்கும். டாங்கியின் இரும்புக்குப் பதில் அது அரிபட்டுக் கரையும். உப்புத் தண்ணீர் என்றால் ஆண்டுக்கொருமுறை சர்வீஸில் அதைக் கழற்றிப் பார்க்கச் சொல்ல வேண்டும். பலர் கேட்பதே இல்லை, டாங்கி ஓட்டையான பிறகுதான் அந்தப் பெயரே தெரியவருகிறது.

மார்ச் 16

சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் கெப்பாசிட்டர் (மின்தேக்கி) பழுது. பழையதில் 2.5 என்றிருந்தால் புதியதும் 2.5 மைக்ரோஃபாரட்தான். அதிகம் போட்டால் வேகம் கூடும் என்று நினைத்து மாற்றினால் மோட்டார் காயில் சூடேறும். பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) ஃபேனுக்கு இது பொருந்தாது. அதில் கோளாறு பெரும்பாலும் போர்டில்.

மார்ச் 22

மைக்ரோவேவ் உள்ளே பொறி பறந்தால் உடனே நிறுத்துங்கள். பக்கச் சுவரில் உள்ள மைக்கா அட்டையில் எண்ணெய் படிந்து கருகியிருக்கும். துடைக்கலாம்; ஓட்டை விழுந்திருந்தால் அதே அளவில் மாற்றலாம். வெளி மூடியை மட்டும் கழற்றவே கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே உயர் அழுத்தக் கெப்பாசிட்டரில் உயிரைப் பறிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும்.

மார்ச் 24

ஏசி குளிரவில்லை என்றதும் கேஸ் பேச்சு எழும். கேஸ் எரிந்து தீரும் பொருளல்ல. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் ஏற்றினால் மறுபடி போகும். அதற்கு முன் ஃபில்டரைக் கழுவி, வெளி யூனிட்டின் தூசியை நீக்கிப் பாருங்கள். உள் யூனிட்டின் காயிலில் ஐஸ் கட்டுவதற்கு அடைத்த ஃபில்டரும் காரணமாகலாம்.

மார்ச் 30

மெக்கானிக்குக்கு ஃபோன் செய்யும் முன் எழுதி வைக்க வேண்டியவை: மாடல் எண், திரையில் வந்த எரர் கோடு, கோளாறு எந்தக் கட்டத்தில் வருகிறது, நாம் ஏற்கெனவே எதைச் சுத்தம் செய்தோம். கோளாறு ஏதாவது சத்தம் என்றால் வீடியோ எடுத்து வையுங்கள். அவர் வரும் நேரத்தில் அது வராமல் போகலாம். வாரண்டி இருந்தால் எந்த ஸ்க்ரூவையும் தொடாதீர்கள்.

பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா என்பதைப் பாகத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். ரிலே, பம்ப், பெல்ட், ஆனோடு, கெப்பாசிட்டர் எல்லாம் வயதான மெஷினிலும் மாற்றத் தகுந்தவை. கீசர் டாங்கி ஓட்டை, ஃப்ரிட்ஜின் ஃபோம் சுவருக்குள் கசியும் குழாய் இவை இரண்டும் அப்படியில்லை. போர்டு போனால் முதலில் ஸ்பேர் இன்னும் வருகிறதா என்று கேளுங்கள். எதை மாற்றினாலும் பழைய பாகத்தைக் கையில் வாங்கி, அதன் எண்ணையும் தேதியையும் இந்தக் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள்.