தொங்கும் ரூஃப் லைனிங்: எந்தப் பசை தாங்கும்?

கார் கூரையின் உள்துணி தொங்க ஆரம்பித்ததும் குஷன் கடைக்கு வருகிறவர்கள் கேட்பது அநேகமாக ஒன்றுதான்: "நல்ல பசையா போட்டு ஒட்டிக் குடுத்திடுங்கண்ணே." பசையைப் பற்றிப் பேசும் முன் தொங்குகிற இடத்தில் துணியைச் சற்று விலக்கி, உள்ளே விரலை விட்டுத் தேய்த்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். விரல் நுனியில் காவி நிறத்தில் பிசுபிசுவென்று தூள் ஒட்டிக்கொண்டு வரும். அது பசை இல்லை, ஸ்பாஞ்ச். துணிக்குப் பின்னால் சுமார் 3 மில்லிமீட்டர் பாலியூரித்தேன் ஸ்பாஞ்ச் சேர்ந்தே வருகிறது. வெயிலின் சூடும் காற்றின் ஈரமும் பல வருஷம் தின்றதில் அது மக்கிப் பொடியாகிவிடுகிறது. கம்பெனியில் போட்ட பசை பல வண்டிகளில், துணியைத் தாங்கும் கூரை அட்டையோடு அப்படியே கெட்டியாக இருக்கும். அது பிடித்துக்கொண்டிருந்த ஸ்பாஞ்ச்தான் இல்லாமல் போயிருக்கும்.

இதனால்தான் ஊசியில் பசை ஏற்றி ஒட்டுவது, துணியின் மேலேயே ஸ்ப்ரே அடித்து அழுத்துவது எல்லாம் வீண். எவ்வளவு விலை உயர்ந்த பசையானாலும் அது பிடிப்பது தூளைத்தான். சில வாரத்தில் மறுபடி தொங்கும், கூடவே வெளித்துணியில் எண்ணெய் பட்டதுபோல் திட்டு விழுந்திருக்கும். திருகி ஏற்றும் மரை ஊசிகளைக் குத்தித் தொங்கலை நிறுத்துவது அதைவிட நேர்மையான வைத்தியம். ஊசி என்றாவது ஒரு நாள் அட்டையைக் கழற்றத்தான் வேண்டும் என்பதை மறைப்பதில்லை.

பழைய துணியை மறுபடி ஒட்டலாமா என்றும் கேட்பார்கள். ஸ்பாஞ்சைச் சுரண்டி எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது மெல்லிய பின்னல் துணி. பசை அதன் வழியே கசிந்து துணியின் வெளிப்பக்கத்துக்கு வரும், அட்டையின் ஒவ்வொரு மேடு பள்ளமும் வெளியே தெரியும். ஸ்பாஞ்ச் ஒட்டியே வரும் புதுத் துணி வாங்குவதுதான் சரி. 60 அங்குல அகலத் துணியில் சின்ன ஹேட்ச்பேக்குக்கு 2 மீட்டர், செடானுக்கு இரண்டேகால், மூன்று வரிசை வண்டிக்கு 3 மீட்டருக்கு மேல் என்று வைத்துக்கொண்டு, வாங்கும் முன் அட்டையை அளந்துவிட வேண்டும். இதெல்லாம் அட்டையில் ஒட்டிய கூரைக்கு. அம்பாசடர் காலத்து வண்டிகளில் துணி குறுக்குக் கம்பிகளில் தைத்துத் தொங்கும், ஓரத்தில் மட்டும்தான் பசை. அது தனி வேலை.

கழற்றுவதில் ஒரே ஒரு எச்சரிக்கை. கூரை ஓரத்தில் கர்ட்டன் ஏர்பேக் உள்ள வண்டியானால் பேட்டரி நெகட்டிவை எடுத்துவிட்டுப் பத்து நிமிஷமாவது காத்திருந்த பிறகே பில்லர் ட்ரிம்மை, அதாவது கண்ணாடி ஓரத் தூண்களின் உள்உறையை, தொட வேண்டும். மஞ்சள் உறை போட்ட ஒயரை இழுக்கக் கூடாது. திரும்பப் பூட்டும்போதும் அந்த ஓரத்தில் ஸ்டேப்ளர் பின், ஆணி, அதிகப்படித் துணிமடிப்பு எதுவும் பை விரியும் வழியில் நிற்கக் கூடாது. மற்றபடி சன் வைசர், கைப்பிடி, லைட், டோர் பீடிங், கிளிப் என்று வரிசையாக வந்துவிடும். அட்டையை வளைக்காமல் டிக்கி வழியாகவோ முன் கதவு வழியாகவோ இரண்டு பேராக எடுக்க வேண்டும். நடுவில் மடிந்த அட்டையின் கோடு புதுத் துணியிலும் தெரியும்.

வேலை தோற்பதும் ஜெயிப்பதும் சுரண்டுவதில்தான். துணியை உரித்ததும் மிச்ச ஸ்பாஞ்சை நைலான் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டும். கம்பி பிரஷ் போட்டால் அட்டையின் மேல்தோல் கிழிந்துவிடும். கிளாஸ் ஃபைபர் அட்டையானால் நார் பறக்கும். முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் கை வைத்தால் ராத்திரி முழுக்க அரிக்கும். பிரஷ்ஷுக்குப் பிறகு கம்ப்ரசர் காற்று, அதன் பிறகு வேக்குவம். கடைசியாகக் கறுப்புத் துணி ஒன்றை அட்டைமேல் அழுத்தித் தேய்த்துப் பார்க்க வேண்டும். அதில் தூள் ஏறினால் இன்னொரு சுற்று. பழைய பசைப்படலம் காய்ந்து கெட்டியாக இருந்தால் விட்டுவிடலாம். ஒட்டிக்கொண்டே இருந்தால் பட்டித் தகடால் வழித்தெடுக்க வேண்டும். தின்னர் ஊற்றிக் கழுவ ஆசை வரும். அட்டைக்குள் ஊறிப்போனால் அது உப்பிவிடும்.

இப்போது பசைக்கு வரலாம். துணியும் ஸ்பாஞ்சும் சேர்ந்து சதுர மீட்டருக்குக் கால் கிலோ அளவுதான் இருக்கும். அந்த எடையை வெள்ளைப் பசைகூடத் தாங்கும். கூரையில் பசைக்கு எதிரிகள் சூடும் இழுவிசையும். சித்திரை வெயிலில் நிற்கும் கறுப்புக் காரின் கூரைத் தகடு 70 டிகிரியைத் தாண்டும், அட்டை அதற்கு அடியிலேயே இருக்கிறது. லைட் குழி, கைப்பிடிப் பள்ளம் போன்ற இடங்களில் இழுத்து ஒட்டிய துணி பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருக்கும். சூட்டில் பசை கொஞ்சம் இளகினால் போதும், அந்த இழுப்பு ஜெயித்துவிடும்.

இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் பாதிப் பசைகள் கழிந்துவிடும். மர வேலைக்கான வெள்ளைப் பசை கோடை வெப்பத்திலேயே மெத்தென்று ஆகிவிடும். காகிதம், தெர்மாகோல், கைவேலை என்று எல்லாவற்றுக்கும் விற்கும் ஸ்ப்ரே டப்பாக்களில் பலவற்றின் வெப்ப வரம்பு நாற்பது சொச்சம் டிகிரிதான். ஒட்டிய அன்று அருமையாக இருக்கும், பங்குனியில் வண்டி திரும்ப வரும். சோபா ஸ்பாஞ்சுக்கு அடிக்கும் மலிவான சொல்யூஷனும் அப்படித்தான், அது வீட்டுக்குள் இருக்கும் பொருளுக்கானது. கார் கூரைக்கு நிற்பது நியோபிரீன் அடிப்படையிலான, இரண்டு பக்கமும் பூசி ஒட்டும் ரப்பர் பசை. ஸ்ப்ரே டப்பாதான் வேண்டுமென்றால் 'ஹெட்லைனர்' என்றே போட்டதையோ, வெப்பத் தாங்குதிறன் 70 டிகிரிக்குக் குறையாததையோ எடுக்க வேண்டும். இந்த எண் பல டப்பாக்களில் இருக்காது, பசைக் கம்பெனி தரும் தொழில்நுட்பத் தாளில் இருக்கும். அதைக் காட்ட முடியாத பசையை வாங்காமல் விடுவதில் நஷ்டமில்லை.

தாளை நம்ப மனமில்லாதவர்களுக்கு ஒரு சோதனை. அதே துணியில் 5 சென்டிமீட்டர் அகல நாடா வெட்டி, பழைய அட்டைத் துண்டு ஒன்றில் முறைப்படி ஒட்டி ஒரு நாள் காயவிடுங்கள். நாடாவின் ஒரு முனையை ஒட்டாமல் விட்டு, அதில் 50 கிராம் எடை கட்டி, ஒட்டிய பக்கம் கீழே பார்க்கும்படி அட்டையைக் கட்டி, வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் மூன்று மணி நேரம் தொங்கவிடுங்கள். நாடா ஒரு விரல் அகலத்துக்கு மேல் உரிந்திருந்தால் அந்தப் பசை கூரைக்கு ஆகாது.

பிரஷ்ஷால் பூசும் பசை ஸ்பாஞ்சுக்குள் அதிகமாக இறங்கிவிடும். ஊறிய இடம் காய்ந்தபின் அப்பளம்போல் விறைத்து, வெளியே திட்டாகத் தெரியும். பசையை டொலுவீன் என்ற கரைப்பானால் இளக்கி, 1.8 அல்லது 2 மில்லிமீட்டர் நாசில் உள்ள ஸ்ப்ரே கன்னில் 30 முதல் 40 பி.எஸ்.ஐ. காற்றில் அடித்தால் மெல்லிய வலைபோல் விழும். பெயின்ட் கடை என்.சி. தின்னரைக் கலந்தால் பசை திரிந்து கட்டி கட்டுவதுண்டு. டொலுவீனின் விலையைப் பார்த்து அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். ஒரு ஹேட்ச்பேக்குக்கு இளக்கிய பசை ஒரு லிட்டர், டப்பாவானால் இரண்டு. காற்றோட்டமான இடம், பக்கத்தில் பீடி சிகரெட் இல்லாத இடம் என்பதைச் சொல்லியா தெரிய வேண்டும்?

அட்டைக்கு இரண்டு கோட், ஸ்பாஞ்சுக்கு ஒரு கோட். ஓரத்திலும் பள்ளங்களிலும் அட்டைக்கு இன்னொரு கோட். பிறகு காத்திருப்பு. புறங்கையை வைத்தால் ஒட்டுவதுபோல் இருந்து, எடுத்தால் பசை தோலில் வரக் கூடாது. சாதாரண நாளில் இதற்குப் பத்து முதல் இருபது நிமிஷம். அவசரப்பட்டு ஈரத்தில் ஒட்டினால் கரைப்பான் துணிக்கும் அட்டைக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும், முதல் வெயிலில் ஆவியாகிக் கொப்புளமாக எழும்பும். அதிகம் காய்ந்துவிட்டால் பசை பசையைப் பிடிக்காது, மறுபடி ஒரு மெல்லிய கோட் அடிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இன்னொரு தொல்லை: கரைப்பான் ஆவியாகும்போது படலம் குளிர்ந்து அதன்மேல் காற்றின் ஈரம் படியும், வெள்ளைப் பூத்ததுபோல் தெரியும். தொட்டால் காய்ந்தமாதிரி இருக்கும், ஆனால் பிடிக்காது. அந்த மாதிரி நாளில் வண்டியை இன்னொரு நாள் வரச் சொல்வதே மேல்.

துணியை முழுதாக விரித்து, பாதியை மடித்துப்போட்டு நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒட்டிக்கொண்டு போக வேண்டும். உள்ளங்கையால் தடவினால் போதும், ரோலர் உருட்டினால் ஸ்பாஞ்ச் நசுங்கிய இடம் எழும்பாது. பள்ளங்களில் துணியை முதலில் அடியில் பதித்துவிட்டு, பிறகு சுவரில் ஏற்ற வேண்டும். மேலிருந்து இழுத்துக் கட்டினால் துணி குழிக்கு மேலே பாலம் போட்டு நிற்கும், முதலில் விடுபடுவது அந்த இடம்தான். ஓரத்தில் 3 சென்டிமீட்டர் விட்டு அட்டையின் முதுகுப் பக்கம் மடித்து ஒட்டுங்கள். ஏர்பேக் ஓரத்தில் மட்டும் கம்பெனி எப்படி முடித்திருந்ததோ அப்படியே. லைட் ஓட்டைகளை ஒரு நாள் காய்ந்த பிறகு வெட்டினால் நூல் பிரியாது.

சன்ரூஃப் வண்டியில் அட்டையை ஏற்றும் முன் நான்கு மூலை வடிகால் குழாயிலும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அடைத்த குழாயிலிருந்து கசியும் தண்ணீர் புதுத் துணியின் ஓரத்தில் பழுப்புக் கறையாக இறங்கும். கறை வந்ததும் பசையைத்தான் குறை சொல்வார்கள். பூட்டிய பிறகு முதல் இரண்டு நாள் வண்டி நிழலில், கண்ணாடி இறக்கி நிற்கட்டும்.