ஸ்டாக்ஹோம்ல வீட்டுச் சாமான் வாங்குன நாட்கள்

அக்டோபர் 19, 2024, சனி

ஸ்டாக்ஹோம ஒட்டுன சோல்னால எங்க புது வீட்டுச் சாவி இன்னைக்கு கைக்கு வந்துருச்சு. அடுப்பு, ஃப்ரிட்ஜ், அலமாரி எல்லாம் வீட்டோடயே இருக்கு, ஆனா ஹால்லயும் பெட்ரூம்லயும் ஒரு லைட்டு கூட இல்ல. இங்க அது வழக்கம்தான், குடியிருந்தவங்க காலி பண்ணும்போது அவங்கவங்க விளக்க கழட்டி எடுத்துட்டுப் போயிருவாங்க, சீலிங்ல ஒரு கொக்கியும் சாக்கெட்டும் மட்டும் இருக்கும், நாம வாங்கிட்டு வர்ற விளக்க கொக்கில மாட்டி பிளக்க சொருகுனா எரியும், எலக்ட்ரீஷியன கூப்பிடவே வேணாம். புதுசா வர்றவங்க தெரிஞ்சு வச்சுக்கங்க, குளிர் நேரத்துல வீடு மாறுறீங்கன்னா கட்டிலுக்கு முன்னாடி விளக்கு வாங்குங்க.

அதனால நேரா கிளாஸ் ஓல்சன் போனோம். பல்பு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஆணி, குழாய் வாஷர், சைக்கிள் பஞ்சர் ஒட்டுற சாமான், எல்லாம் ஒரே இடத்துல கிடைக்கும். இந்தக் கடை 1918ல டாலர்ணா மாகாணத்துல இன்ஷோன்னு ஒரு சின்ன ஊர்ல தபால்ல சாமான் அனுப்புற வியாபாரமா ஆரம்பிச்சது. சிட்டி நடுவுல பெருசா நிக்கிற ஓலேன்ஸ் டிபார்ட்மென்ட் ஸ்டோர் இருக்கே, அதுவும் அதே இன்ஷோன்ல 1899ல அதே தபால் வியாபாரமாத்தான் தொடங்கியிருக்கு! நாடு பூரா தெரிஞ்ச ரெண்டு கடை, ரெண்டும் ஒரே கிராமம். காட்டுக்குள்ள தள்ளித் தள்ளி இருக்குற வீடுகளுக்கு கடை வந்து சேராது, கேட்டலாக் வந்து சேர்ந்துரும், அப்படித்தான் வளர்ந்திருக்காங்க.

அத்தை, அதான் என் வீட்டுக்காரரோட அம்மா, டிசம்பர்ல மதுரைல இருந்து வர்றாங்க. கல்யாணம் ஆன நாள்ல இருந்து பாத்திரக்கடைல உக்காந்தவங்க அவங்க, ஒரு குண்டாவ தட்டிப் பாத்தே கனம் சொல்லுவாங்க. அவங்க வர்றதுக்குள்ள வீடு வீடா ஆகணும்.

அக்டோபர் 27, ஞாயிறு

விடிகாலைல கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னாடி போயிருச்சு, இனிமே நாலு மணி தாண்டுனா இருட்டு. இன்னைக்கு குங்கென்ஸ் குர்வாங்கிற இடத்துல இருக்குற ஐக்கியா ஃபர்னிச்சர் கடை. சிவப்பு லைன் மெட்ரோல ஷார்ஹோல்மென்ல இறங்கி நடந்துட்டோம். 1946ல ராஜா அஞ்சாம் குஸ்தாஃப் போன கார் இங்க ஒரு வளைவுல பள்ளத்துல இறங்கிருச்சாம், அதுல இருந்து இந்த இடத்துக்கே ராஜா வளைவுன்னு பேரு. கடைய 1965ல கட்டியிருக்காங்க, நியூயார்க் குகன்ஹைம் மியூசியத்த பாத்து வட்டமா. 1970ல பெரிய தீ பிடிச்சு, அடுத்த வருஷம் திரும்பத் திறந்திருக்காங்க.

எனக்கு அங்க ரொம்பப் பிடிச்சது சாமான் இல்ல, சின்ன ஃபிளாட்ட முழுசா செட் போட்டு காட்டுறாங்களே அதுதான். சமையல், படுக்கை, குழந்தை படிக்கிற டேபிள் எல்லாத்தையும் அந்த கொஞ்சூண்டு இடத்துல அடக்கி, ஒவ்வொரு மூலைக்கும் ஒரு விளக்கு. சீலிங் நடுவுல ஒரே ட்யூப்லைட்ட போட்டு முடிக்கிற பழக்கம் இங்க கிடையாது, ஜன்னல்ல ஒண்ணு, சோபா பக்கத்துல ஒண்ணு, டேபிள் மேல தாழ்வா ஒண்ணு, எல்லாமே மஞ்சள் வெளிச்சம். ரெண்டு மாசம் வெயில் முகத்தையே ஒழுங்கா பாக்காம இருக்கப் போற ஊர்ல இது ஆடம்பரம் இல்லங்க, சாப்பாடு மாதிரி தேவை.

டபுள் கட்டிலா இருந்தாலும் ஆளுக்கு ஒரு ரஜாய்தான், அதான் மெத்துனு இருக்குற கனமான போர்வை, 150க்கு 200 சென்டிமீட்டர் அளவு. அதுக்குப் போடுற உறைல மேல் ரெண்டு மூலைலயும் கை விடுற அளவுக்கு ஓட்டை இருக்கும், அதுக்குள்ள கைய விட்டு ரஜாயோட மூலைய பிடிச்சு ஒரு உதறு உதறுனா உறை தானா இறங்கிரும். தலைகீழா புரட்டி மல்லுக்கட்ட வேண்டியதே இல்ல. இத யோசிச்சவங்க கண்டிப்பா வீட்டு வேலை செஞ்சவங்கதான்.

நவம்பர் 2, சனி

வியாழக்கிழமை தீபாவளி. அதுக்கு வாங்குன மெழுகு டீலைட் நூறு இருக்குற பெரிய பை இன்னும் மிச்சம். இன்னைக்கு இவங்களுக்கு எல்லா புனிதர்கள் நாள், கல்லறைக்குப் போய் இறந்தவங்களுக்கு விளக்கு ஏத்துவாங்க, அதனால எல்லா கடை வாசல்லயும் காத்துல அணையாத மாதிரி மூடி போட்ட மெழுகுவத்தி அடுக்கி வச்சிருக்காங்க. சாயங்காலம் ஸ்கூக்ஸ்ஷெர்க்கோகோர்டன் போனோம், யுனெஸ்கோ பட்டியல்ல இருக்குற கல்லறைத் தோட்டம் அது, பைன் மரத்துக்கு அடில கண்ணுக்கு எட்டுன வரைக்கும் விளக்கு.

இன்னொரு விஷயம், நேத்துல இருந்து பிளாஸ்டிக் பை வரிய எடுத்துட்டாங்க. 2020ல இருந்து ஒரு பைக்கு மூணு குரோனர் வரி இருந்துச்சு. வரி போனாலும் எங்க வீட்டுல துணிப்பைதான், அது மாறாது.

நவம்பர் 16, சனி

இன்னைக்கு சோடர்மால்ம்ல செகண்ட் ஹேண்ட் கடைகள். மிரோர்னான்னு ஒண்ணு, அது சால்வேஷன் ஆர்மி நடத்துறது, ஸ்டட்ஸ்மிஷோனன்னு இன்னொண்ணு, வர்ற காசு சமூக வேலைக்குப் போகுது. நம்ம ஊர்ல பழைய சாமான் வாங்குறத பத்தி ஒரு கூச்சம் இருக்குல்ல, இங்க சுத்தமா இல்ல, நல்ல கோட்டு போட்ட பாட்டியும் காலேஜ் பசங்களும் ஒரே ஷெல்ஃப்ல தட்டக் கவுத்து கவுத்து பாக்குறாங்க. கவுத்துப் பாக்குறது எதுக்குன்னா அடில முத்திரை இருக்கும், நங்கூரம் இருந்தா குஸ்தாவ்ஸ்பெரி, மூணு கிரீடம் இருந்தா ரோர்ஸ்ட்ரண்ட், ரெண்டும் இங்கத்த பழைய பீங்கான் கம்பெனி.

நானும் ஒரு கப்ப கவுத்துப் பாத்தேன், நங்கூரம். வெள்ளைப் பீங்கான்ல வரிசையா பச்சை இலை, அதுதான் பெர்ஷோங்கிற டிசைன், ஸ்டிக் லின்ட்பெரி வரைஞ்சது, 1960கள்ல வந்து 1974 வரைக்கும் செஞ்சாங்க, அப்புறம் நிறுத்தி 2000கள்ல திரும்ப ஆரம்பிச்சாங்க. விலைய பாத்துட்டு வச்சுட்டேன்.

வச்சுட்டேன், ஆனா மனசு ஆறல. ஏன்னா இந்தப் பொருளுக்குப் பின்னாடி ஒரு பெரிய எண்ணம் இருந்துச்சு. 1917ல இங்க லில்யேவால்க்ஸ் அரங்கத்துல வீட்டுக் கண்காட்சி ஒண்ணு நடத்துனாங்க, தொழிலாளி வீட்டு சின்ன சமையலறைக்கும் ஒத்த அறைக்கும் என்ன சாமான் வேணும்னு. அதுக்கு குஸ்தாவ்ஸ்பெரில வேலை பாத்த வில்ஹெல்ம் கோகெ ஒரு தட்டு செட்டு பண்ணாரு, பேரே தொழிலாளர் செட்டு. ரெண்டு வருஷம் கழிச்சு கிரேகோர் பவுல்சன்ங்கிற கலை வரலாற்று ஆய்வாளரு, தினம் புழங்குற பொருள் இன்னும் அழகா இருக்கணும்னு ஒரு கோஷமாவே வச்சாரு. கோகெகிட்ட வேலை பழகி, அவருக்கு அடுத்து அந்த இடத்துக்கு வந்தவர்தான் லின்ட்பெரி. கூலி வேலை செய்றவங்க காலைல காபி குடிக்கிற கப்பு கூட நல்லா இருக்கணும்னு ஒரு நாடு உக்காந்து யோசிச்சிருக்கு, எனக்கு இது ரொம்பப் பெரிய விஷயமா படுது. அந்த வழில வந்த கப்பு இன்னைக்கு கண்ணாடி அலமாரிக்குள்ள போயிருச்சேன்னு வருத்தமாவும் இருக்கு. கடைசில மூணு கிரீடம் போட்ட சாதா நீலக்கரை தட்டு ஆறு வாங்கினேன், அதுல தினமும் சாப்பிடப் போறோம்.

நவம்பர் 30, சனி

நாளைக்கு மொத அட்வென்ட் ஞாயிறு, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு ஞாயிறுல மொதலாவது. ஓலேன்ஸ்ல கால் வைக்க இடமில்ல, எல்லார் கைலயும் பேப்பர் நட்சத்திரம், இல்லன்னா ஏழு மெழுகுவத்தி மாதிரி பல்பு வச்ச முக்கோண ஸ்டாண்டு. அந்த ஸ்டாண்டு ஸ்வீடன்லயே, கோதன்பர்க்ல பிலிப்ஸ்ல வேலை பாத்த ஒருத்தர் 1930கள்ல செஞ்சது, நெருப்பு பயம் இல்லாம ஜன்னல்ல வைக்கிற மாதிரி. நாங்க மரத்துல ஒண்ணு வாங்கினோம். ஒரு பல்பு போனா அது மட்டும் மாத்திக்கலாம், உதிரி பல்பு எல்லா கடைலயும் இருக்கு. இப்படி ரிப்பேர் பண்ணி வச்சுக்கிற பொருளுக்குத்தான் என் காசு.

டிசம்பர் 14, சனி

அத்தை வந்துட்டாங்க! ஜெட்லாக்காவது ஒண்ணாவது, மறுநாளே கடைக்குப் போகலாமான்னு கேட்டாங்க. என்.கே.ங்கிற டிபார்ட்மென்ட் ஸ்டோருக்கு கூட்டிட்டுப் போனோம். 1915ல திறந்தது, கட்டினவர் ஃபெர்டினாண்ட் பூபெரி, உள்ள போனதும் நடுவுல கண்ணாடிக் கூரை போட்ட முற்றம், சுத்தி மாடி மாடியா கடை. கூரை மேல சுத்துற பெரிய நியான் கடிகாரம் முன்னாடி டெலிபோன் டவர் மேல இருந்துச்சு, 1952ல டவர் எரிஞ்சு, இடிச்சப்புறம், 60கள்ல இங்க தூக்கி வச்சாங்க. கிறிஸ்துமஸ் பொம்மை ஜன்னலுக்கு முன்னாடி குழந்தைங்க கண்ணாடில மூக்க வச்சு நிக்குதுங்க, அத்தையும் அவங்க பின்னாடி நின்னு ஒரு ஜன்னல் விடாம பாத்தாங்க.

அப்புறம் பாத்திர செக்‌ஷன். எங்க அடுப்பு இண்டக்ஷன், ஊர்ல இருந்து அலுமினியக் குக்கர் கொண்டு வந்தா சூடே ஆகாது, அடில காந்தம் ஒட்டுனாத்தான் வேலை செய்யும், வர்றவங்க பெட்டி கட்டுறதுக்கு முன்னாடி ஒரு காந்தத்த வச்சுப் பாத்துக்கங்க. அத்தை கண்ணு போனது வார்ப்பு இரும்புக் கல்லுக்கு. ஷெப்ஸ்ஹுல்ட்னு பேரு, ஸ்மோலாண்ட் பக்கம் 1906ல இருந்து வார்க்கிறாங்க. கைல எடுத்தாங்க, விரல் முட்டில தட்டினாங்க, விளிம்ப தடவினாங்க.

"ஏம்மா, இது நம்ம தோசைக்கல்லுதானே, கைப்பிடி மட்டும் மரத்துல போட்டுருக்கான். வார்ப்பு சுத்தமா இருக்கு, ஒரு புழை இல்ல. இத வாங்கு, உன் பேத்தி காலம் வரைக்கும் கிடக்கும்."

"விலைய பாத்தீங்களா அத்தை?"

"பாத்தேன். வருஷத்துக்கு ஒரு நான்ஸ்டிக் வாங்கி தூக்கிப் போடுறியே, அதக் கூட்டிப் பாரு."

வாங்கிட்டோம். ராத்திரி தோசை. மொத ரெண்டு ஒட்டுச்சு, வெங்காயத்த வெட்டி எண்ணெய்ல தொட்டு தேய்ச்சாங்க, மூணாவது எழும்பி வந்துருச்சு.

டிசம்பர் 21, சனி

ஸ்ட்ரான்ட்வேகன்ல ஸ்வென்ஸ்க்ட் டென். 1924ல எஸ்ட்ரிட் எரிக்சன்னு ஒரு டிராயிங் டீச்சர் அப்பா விட்டுட்டுப் போன பணத்துல ஆரம்பிச்ச கடை. வியன்னாவுல இருந்த யூத ஆர்க்கிடெக்ட் யோசஃப் ஃபிராங்க், அங்க யூத வெறுப்பு கூடுனதால ஸ்வீடன் வந்தவரு, 1934ல இவங்ககூட சேந்தாரு. கொடியும் பூவும் பறவையுமா துணி முழுக்க ஒரு தோட்டத்தையே வரைஞ்சாரு. இப்ப கடை ஒரு அறக்கட்டளை கைல இருக்கு, லாபம் ஆராய்ச்சிக்கும் கலைக்கும் போகுது. மீட்டர் விலை நமக்கு எட்டாது, ஆனா யாரும் முறைக்கல, அத்தை ஒவ்வொரு சுருளா தொட்டுப் பாத்தாங்க, ஒரு விற்பனைப் பொண்ணு தானா வந்து விரிச்சுக் காட்டுச்சு. "வாங்காதவங்களுக்கும் விரிச்சுக் காட்டுறவதான் வியாபாரி"ன்னு வெளிய வந்து சொன்னாங்க. வெளிய வந்தப்ப மணி மூணு கூட ஆகல, தெருவிளக்கு எரிய ஆரம்பிச்சிருச்சு.

திரும்புற வழில ஹோதோரியெட் சதுக்கம். அங்க பப்னு ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோர் இருந்துச்சு, ஹாலிவுட் நடிகை கிரேட்டா கார்போ சினிமாவுக்கு வர்றதுக்கு முன்னாடி தொப்பி வித்த இடம், 1917ல லெனின் ரஷ்யா திரும்புற வழில துணி வாங்குனதும் அங்கதான். இப்ப அது ஹோட்டல்.

டிசம்பர் 27, வெள்ளி

மெல்லன்டாக்ஸ்ரேயா, கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவுல போடுற பெரிய தள்ளுபடி. ஒண்ணு சொல்றேன், 2022 செப்டம்பர்ல இருந்து இங்க சட்டம், தள்ளுபடின்னு போர்டு வச்சா அதுக்கு முந்தின 30 நாள்ல இருந்த குறைஞ்ச விலையையும் சேத்துக் காட்டணும். அந்த சின்ன எழுத்த படிங்க, பாதி ஆசை அடங்கிரும். ஒட்டியிருக்குற விலைல 25 சதவீத வரியும் சேந்தேதான் இருக்கும், பில்லுல தனியா ஏறாது.

போன மாசம் ஒரு கடைல வாங்குன கெட்டில் சூடாகாம நின்னுருச்சு. கவுண்டர்ல மொதல்ல, மாத்தித் தர்ற 30 நாள் முடிஞ்சிருச்சுன்னாங்க. அந்த 30 நாள் பிடிக்கலன்னா திருப்பித் தர்றதுக்கு, கடை தானா கொடுக்குற சலுகை. பழுதுன்னா வேற கதை, மூணு வருஷம் வரைக்கும் புகார் பண்ண சட்டத்துலயே உரிமை இருக்கு, மொத ரெண்டு வருஷம் பழுது நம்மால வந்ததுன்னா அத கடைதான் நிரூபிக்கணும். பொறுமையா எடுத்துச் சொன்னேன், புதுசு கொடுத்தாங்க. இந்தப் பழுதுப் புகாருக்கு இங்க ரெக்லமேஷோன்னு பேரு, அந்த வார்த்தைய சொன்னாலே போதும். பில்ல போட்டோ எடுத்து வச்சுக்கங்க, கடைத்தாள்ல மை சீக்கிரம் மங்கிரும்.

ஜனவரி 4, 2025, சனி

அத்தைக்கு அடுத்த வாரம் ஃபிளைட். பெட்டில என்ன போகுதுன்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க. கை விடுற ஓட்டை வச்ச உறை ரெண்டு, அதே மாதிரி ஊர்ல தைக்கச் சொல்லப் போறாங்க. ஜூனிபர் மரத்துல செதுக்குன வெண்ணெய்க் கத்தி ஆறு, மணத்துக்காகவே. அப்புறம் தள்ளுபடில பாதி விலைக்கு கிடைச்ச ஏழு விளக்கு ஸ்டாண்டு ஒண்ணு, நம்ம ஊர் மாதிரியே 230 வோல்ட்டுதான், ரெண்டு பின்னு, மதுரைல அப்படியே எரியும், கடை ஷோகேஸ்ல வைக்கணுமாம். இவரு எதுக்குமா அதெல்லாம்னு கேட்டாரு. "பாத்திரம் வாங்க வர்றவங்க கண்ணுக்கும் கொஞ்சம் நல்லா இருக்கட்டுமேடா"ன்னாங்க. எடை போட்டுப் பாத்தாச்சு, இன்னும் நாலு கிலோ இடம் இருக்கு, தோசைக்கல் இன்னொண்ணு வாங்கலாமான்னு இப்ப பேச்சு ஓடிட்டு இருக்கு.