ஜிப்சிக்கு ராலி லைட்: காசு லைட்டில் இல்லை, வயரில்

என் மாருதி ஜிப்சிக்கு ராலி லைட் (இரவு ராலிக்குக் கூடுதலாக மாட்டும் லைட்) மாட்டப் போகிறேன் என்றாலே எல்லோரும் "என்ன லைட்?" என்றுதான் கேட்கிறார்கள். பழைய ஹெல்லா காமெட் 500 ஒரு ஜோடி. கண்ணாடியில் கல் பட்ட தழும்பு உண்டு, ரிஃப்ளெக்டர் கறுக்கவில்லை, அது போதும். அதில் மிச்சமான பணம் வயர், ரிலே (சிறிய கரன்ட்டால் பெரிய கரன்ட்டை இயக்கும் சுவிட்ச்), கப்ளர் (கழற்றி மாட்டும் இணைப்பு) ஆகியவற்றுக்குப் போனது.

கணக்கு எளிது. இதில் போடும் எச்3 ரக பல்பு ஒவ்வொன்றும் 55 வாட். 12 வோல்ட்டில் இரண்டும் சேர்ந்து 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வயர் மெல்லிசாக இருந்தால் பல்புக்குப் போய்ச் சேர்வதற்குள் வோல்ட்டேஜ் இறங்கிவிடும். ஹாலஜன் இந்த விஷயத்தில் ரொம்பக் கறார்: வோல்ட்டேஜ் 10% குறைந்தால் வெளிச்சம் சுமார் 30% போய்விடும். "100 வாட் பல்பு போட்டுடு" என்று யோசனை சொல்பவர்கள் வயரைப் பற்றி வாயே திறப்பதில்லை.

ஆகவே பேட்டரி பாசிட்டிவை ஒட்டியே 15 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து 2.5 ஸ்கொயர் எம்எம் வயர் ரிலேயில் கரன்ட் உள்ளே வரும் 30-ஆம் எண் முனைக்கு. கரன்ட் வெளியே போகும் 87-லிருந்து லைட்டுக்கு ஒன்று வீதம் இரண்டு வயர். எர்த்தும் அதே கனத்தில் பேட்டரி நெகட்டிவுக்கே திரும்பி வருகிறது. எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. "பாடியே எர்த்து தானுங்களே தம்பி, எதுக்கு வீண் செலவு?" புது வண்டியில் அவர் சொல்வது சரி. பெயின்ட் மேல் பெயின்ட் அடித்து, துருவும் ஏறிய பம்பர் போல்ட்டை நம்ப எனக்கு மனம் வரவில்லை.

ஜிப்சியில் கவனிக்க வேண்டிய இடம், ரிலேயைத் தூண்ட நாம் பயன்படுத்தும் ஹெட்லைட்டின் பிரைட் வயர். ஹெட்லைட்டுக்குப் பாசிட்டிவ் நேராக வருகிறது. சுவிட்ச் எர்த்தைத்தான் கொடுக்கிறது. பிரைட் போடாதபோது அந்த வயரில் டெஸ்ட் லேம்பை வைத்தால் ஃபிலமென்ட் வழியாக வரும் 12 வோல்ட்டில் எரியும், பிரைட் போட்டால் அணைந்துவிடும். ரிலேயைத் தூண்டும் காயிலின் இரு முனைகள் 85, 86. வழக்கம்போல 85-ஐ பாடிக்கும் 86-ஐ இந்த வயருக்கும் கொடுத்தால் எல்லாம் தலைகீழ்: டிம்மில் ராலி லைட் எரியும், பிரைட்டில் அணையும். வாங்கிய ரிலே கோளாறு என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்கள் உண்டு. சரியான முறை: ஹெட்லைட்டின் பொதுப் பாசிட்டிவிலிருந்தே டாஷ்போர்டில் வைக்கும் சுவிட்ச் வழியாக 86-க்கு, 85-லிருந்து பிரைட் வயருக்கு. அவ்வளவுதான்.

அந்த டாஷ் சுவிட்ச், பக்கத்து சீட்டில் வழி சொல்லும் நேவிகேட்டர் கைக்கும் எட்ட வேண்டும். கேத்தனூர் காற்றாலைப் பக்கத்துச் செம்மண்ணில் முன்னால் போன வண்டியின் புழுதி அப்படியே தொங்கும். அதில் லைட்டை அடித்தால் எதிரே வெள்ளைச் சுவர்தான். ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்க முடியாத இடத்தில் பக்கத்து சீட்காரர்தான் அணைக்க வேண்டும். லைட்டைக் கூரையில் ஏற்றாமல் பம்பர் உயரத்தில் வைத்ததும் இதற்காகத்தான். கூரையில் இருந்தால் புழுதி போதாதென்று பானட்டும் சேர்ந்து கண்ணில் அடிக்கும்.

மூட்டுகளில் ஈயம் வைக்கவில்லை, எல்லாம் லக் (வயர் முனையில் நசுக்கிப் பிடிக்கும் உலோகக் காது) அடித்து ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கி இறுகும் உறை) போட்டது. ஈயம் வைத்த வயர் அதிர்வில் ஈயம் முடியும் இடத்தில்தான் ஒடியும். பகல் ஸ்டேஜுக்கு (ராலியில் நேரம் கணக்கிடும் ஓட்டப் பகுதி) லைட்டைக் கழற்ற வசதியாக, தண்ணீர் புகாத கப்ளர் ஒவ்வொன்றுக்கும்.

முடித்த பிறகு லைட்டை எரியவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையைப் பல்பின் பாசிட்டிவிலும் வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. கூடினால் ஒவ்வொரு மூட்டாகப் பின்னோக்கி வர வேண்டியதுதான். எர்த் பக்கமும் இதே சோதனை.

நேவிகேட்டர் படிக்கும் மேப் லைட்டை மட்டும் இந்த ஃபியூஸோடு சேர்க்கவில்லை. ராலி லைட் போனால் ஹெட்லைட்டில் மெதுவாகவாவது ஓட்டலாம், இருட்டில் வழிக்குறிப்பு நோட்ஸ் கண்ணுக்குத் தெரியாத நேவிகேட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஃபோகஸ் வைக்கும்போது ஸ்டெப்னி, டூல்ஸ், நிறைய பெட்ரோல், இரண்டு சீட்டிலும் ஆள் என்று வைத்துப் பாருங்கள். பின்பக்கம் பாரம் ஏறினால் மூக்கு தூக்கும். காலி வண்டியில் வைத்த ஃபோகஸ் ஸ்டேஜில் மரக்கிளையைத்தான் காட்டும்.