அரை நொடித் தாமதம்

2024 மார்ச் இறுதியில் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைவிலுள்ள கணினியைப் பாதுகாப்பாக இயக்க உதவும் எஸ்எஸ்எச் வழியாக அதற்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாவதைக் கவனித்தார். பலரும் இதைக் கடந்து போயிருப்பார்கள். அவர் விடவில்லை. தோண்டத் தோண்ட, எக்ஸ்ஸெட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு கள்ளக் கதவு, அதாவது அனுமதியின்றி உள்ளே நுழைய ஒளித்துவைத்த வழி, இருப்பது தெரிந்தது. அதைத் தூண்டிவிடும் வரிகள், நிரலை எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கும் பொதுக் களஞ்சியத்தில் இல்லை; பயனர்களுக்கென வெளியிடப்பட்ட பொதியில் மட்டும் இருந்தன. மென்பொருளின் மூலநிரல் யாரும் படிக்கும்படி திறந்து கிடந்ததால்தான் இரண்டையும் ஒப்பிட முடிந்தது. பெரும்பாலான லினக்ஸ் சேவையகங்களை அது எட்டும் முன்பே பிடிபட்டது.

என்னை இன்றும் கொதிக்க வைப்பது அது நுழைந்த விதம். 'ஜியா டான்' என்ற பெயரில் வந்தவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒழுங்கான திருத்தங்களை அனுப்பி நம்பிக்கை பெற்று, பிறகு அதைப் புகுத்தினார். இன்னொரு பக்கம் முகம் தெரியாத சிலர், "ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறது, பொறுப்பை வேறு யாரிடமாவது கொடுங்கள்" என்று அந்த மென்பொருளைப் பராமரித்துவந்தவரை நச்சரித்தார்கள். அவர் ஊதியமே இல்லாமல், ஓய்வு நேரத்தில் அதைச் சுமந்துவந்த தனி மனிதர். மனநலச் சிக்கல்களால் முன்போலக் கவனிக்க முடியவில்லை என்று 2022இலேயே வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். அந்த மென்பொருளால் பிழைக்கும் பெருநிறுவனங்களில் ஒன்றாவது அப்போது அவருக்குத் துணையாக ஒரு பொறியாளரை அனுப்பியிருக்க வேண்டாமா?

நம் நிறுவனங்களில், பிறர் எழுதி நாம் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் நூலகங்களின் உரிமத்தைச் சட்டப் பிரிவு வரிவரியாகப் படிக்கிறது. எழுதியவர் எதை வைத்துச் சாப்பிடுகிறார் என்று எவரும் கேட்பதில்லை. அடுத்த பட்ஜெட் கூட்டத்தில் நான் கேட்கப்போகிறேன். நண்பர்களே, நீங்களும் உங்கள் அலுவலகத்தில் கேளுங்கள்.