உழவாரனுக்கு இரண்டு விரல் அகல வாசல்

எங்கள் வீட்டுக் கூரையில் உழவாரன்கள் (ஆங்கிலத்தில் ‘ஸ்விஃப்ட்’ எனப்படும் பறவைகள்) குடியிருந்தன என்பது, அவற்றின் வாசலை நானே அடைத்து முடித்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. சுவரும் கூரையும் சேரும் இடத்தில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ஒரு பிளவு இருந்தது. சாரல் உள்ளே இறங்கிவிடுமே என்ற கவலையில், கூரையைப் பழுதுபார்க்க வந்தவர்களிடம் சொல்லி, ஓர் இலையுதிர் காலத்தில் அதைச் சிமெண்டுக் கலவையால் பூசச் செய்தேன். அடுத்த மே மாதத் தொடக்கத்தில் ஒரு காலை, கறுத்த பறவை ஒன்று எங்கிருந்தோ பாய்ந்து வந்து, பூசிய அதே இடத்தில் மார்பு மோத விழுந்து, நகங்களால் சுவரைப் பற்றியபடி ஓரிரு நொடி தொங்கியது. பிறகு கீழே சரிந்து, காற்றைப் பிடித்து மேலெழுந்து, ஒரு பெரிய வட்டம் போட்டுவிட்டு மீண்டும் அங்கேயே வந்து மோதியது. பதினேழு முறை வரை எண்ணினேன். அதற்கு மேல் எண்ண மனம் வரவில்லை.

உழவாரனைத் தகைவிலான் என்று நினைத்துக்கொள்பவர்கள் பலர். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இரண்டுக்கும் நீண்ட சிறகு, பிளந்த வால், பறந்தபடியே பூச்சி பிடிக்கும் வழக்கம் என்று வெளித்தோற்றத்தில் ஒற்றுமைகள் இருந்தாலும், உறவு முறையில் உழவாரன் தேன்சிட்டைப் போலத் தோன்றும் அமெரிக்க ஓசனிச்சிட்டுக்குத்தான் நெருக்கமானது. தகைவிலான் கம்பியில் வரிசையாக உட்காரும். உழவாரன் உட்காரவே உட்காராது. அதன் கால்கள் செங்குத்தான சுவரைப் பற்றித் தொங்குவதற்கு மட்டுமே உதவும். அறிவியல் பெயரில் வரும் ‘ஏபஸ்’ என்ற சொல்லுக்குக் கிரேக்க மொழியில் ‘கால் இல்லாதது’ என்று பொருள். உண்பது, குடிப்பது, உறங்குவது எல்லாமே காற்றில்தான். சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்டர்ஸ் ஹெடன்ஸ்ட்ராமின் குழு, உழவாரன்களின் முதுகில் சிறு பதிவுக் கருவிகளைப் பொருத்திப் பார்த்து 2016இல் வெளியிட்ட முடிவின்படி, சில பறவைகள் இனப்பெருக்கக் காலம் முடிந்து கிளம்பியது முதல் மறுபடி கூட்டுக்கு வரும்வரை பத்து மாதங்கள் ஒருமுறைகூடத் தரையிறங்கவில்லை. ஆண்டின் மிச்ச இரண்டு மாதங்களுக்கு அந்தப் பறவைக்கு இந்தப் பூமியில் தேவைப்படுவது ஒரே ஒரு துளை. அந்தத் துளையைத்தான் நான் பூசியிருந்தேன்.

என்னைப் போல் பூசியவர்கள் ஏராளம். பாறை இடுக்கிலும் முதிர்ந்த மரப் பொந்திலும் வாழ்ந்த பறவை, மனிதர்கள் கல்லாலும் ஓட்டாலும் கட்டத் தொடங்கிய காலத்திலிருந்தே கட்டடங்களின் இடுக்குகளுக்கு மாறிவிட்டது. பழைய கட்டடங்களில் ஓட்டுக்கு அடியிலும் சுவர் விளிம்பிலும் இடைவெளிகள் தாமாகவே அமைந்தன. இன்றைய கட்டடங்களிலோ வெப்பம் வெளியேறாமல் எல்லா இடுக்கையும் அடைத்துவிடுகிறோம். பழையவற்றைப் பழுதுபார்க்கும்போதும் அதையே செய்கிறோம். பிரிட்டனில் 1995க்குப் பின் உழவாரன்களின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போய்விட்டது. 2021இல் அங்கே அது, பாதுகாப்பு மிக அவசரமாகத் தேவைப்படும் பறவைகளின் சிவப்புப் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. பூச்சிகள் குறைந்துவருவதும், வலசைப் பாதையில் நேரும் இடர்களும் இதற்குக் காரணமாக இருக்கலாம். அவற்றை ஒரு வீட்டுக்காரர் தனியாகச் சரிசெய்ய இயலாது. துளையைத் திருப்பிக் கொடுப்பது மட்டும் நம் கைக்குள் இருக்கிறது. அதனால்தான், பறவை கூடு கட்டுவதற்காகச் சுவரில் மாட்டும் கூட்டுப்பெட்டியைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உழவாரன் பெட்டியை ஏற்குமா என்ற ஐயம் எனக்கு முதலில் இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகக் கோபுரத்தைப் பற்றிப் படித்ததும் அது தீர்ந்தது. அக்கோபுரத்தின் காற்றுத் துளைகளுக்குப் பின்னால் பெட்டிகளை வைத்து, உட்புறமிருந்தே கூடுகளைப் பார்க்கும்படி அமைத்து, டேவிட் லாக் என்ற பறவையியலாளர் 1948இல் தொடங்கிய ஆய்வு இன்றும் தொடர்கிறது. தலைமுறை தலைமுறையாக உழவாரன்கள் அங்கே குஞ்சு பொரித்திருக்கின்றன. பறவைக்கு வேண்டியது இருட்டும், உயரமும், பகைவர் நுழைய முடியாத வாசலும்தான்; பின்னால் இருப்பது கல்லா பலகையா என்பது அதற்குப் பொருட்டே இல்லை.

அந்த நம்பிக்கையில் குளிர்காலத்திலேயே இரண்டு பெட்டிகள் செய்தேன். செய்தது தவறு என்பதைக் கோடை சொல்லிக்கொடுத்தது. பறவைப்பெட்டி என்றாலே வட்டத் துளை என்ற எண்ணம் மனத்தில் ஊறியிருந்ததால், ஐந்து செண்டிமீட்டர் விட்டத்தில் அழகாக வட்டம் வெட்டியிருந்தேன். உழவாரன்கள் வெப்ப நாடுகளிலிருந்து வந்து சேர்வதற்கு முன்பே, ஏப்ரலில், ஸ்டார்லிங் என்ற மைனா இனப் பறவை ஒரு பெட்டியில் புல்லை நிரப்பிக் குடும்பம் நடத்தத் தொடங்கிவிட்டது. இன்னொன்றைச் சிட்டுக்குருவிகள் எடுத்துக்கொண்டன. அவற்றின் மேல் எனக்குக் கோபமில்லை. அவற்றுக்கும் இடம் வேண்டும். ஆனால் நான் கடன்பட்டிருந்தது வேறொருவருக்கு.

உழவாரனுக்கு ஏற்ற வாசல் வட்டமல்ல, கிடைமட்டமான ஒரு பிளவு. அகலம் 65 மில்லிமீட்டர், உயரம் 28 மில்லிமீட்டர். இந்த 28 என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது: உயரம் முப்பதைத் தாண்டினால் ஸ்டார்லிங் நெருக்கியடித்து நுழைந்துவிடும், மிகவும் குறைத்தால் உழவாரனே சிரமப்படும். வாசலைப் பெட்டியின் தரையை ஒட்டி, ஏதேனும் ஒரு முனையில் வெட்ட வேண்டும். அப்போதுதான் மறுமுனை இருட்டாக இருக்கும். கூடு அங்கேதான் அமையும். உட்புறம் ஏறத்தாழ நாற்பது செண்டிமீட்டர் நீளம், இருபது செண்டிமீட்டர் ஆழம், பதினைந்து செண்டிமீட்டர் உயரம் இருந்தால் போதும். வெளிப்புறப் பயன்பாட்டுக்கு ஏற்ற ஒட்டுப்பலகையில் செய்தேன். உள்ளே வண்ணம் பூசவில்லை, இழைக்கவும் இல்லை. சொரசொரப்பாக இருந்தால்தான் நகம் பிடிக்கும். இருட்டு முனையில், நடுவில் குழிவுள்ள ஒரு மரவட்டை ஒட்டிவைத்தேன். முட்டை உருண்டு ஓடாமலிருக்க அது உதவும். உழவாரன் தரையிலிருந்து ஒரு துரும்பைக்கூடப் பொறுக்காது; காற்றில் மிதந்து வரும் இறகு, வைக்கோல் துணுக்கு, விதைப் பஞ்சு ஆகியவற்றை அலகில் பிடித்துவந்து தன் எச்சிலால் ஒட்டி ஒரு மெல்லிய வளையம் செய்வதற்குள் அதற்குப் பல நாட்கள் ஆகிவிடும். வாசலுக்கு முன் உட்காரும் குச்சி எதையும் பொருத்தக் கூடாது. உழவாரனுக்கு அது பயன்படாது; முட்டை திருட வரும் பறவைக்குத்தான் பயன்படும்.

எங்கே மாட்டுவது என்பது பெட்டியின் வேலைப்பாட்டைவிட முக்கியம் என்று இப்போது சொல்வேன். தரையிலிருந்து ஐந்து மீட்டர் உயரமாவது இருக்க வேண்டும், வாசலுக்கு நேர் கீழே எதுவும் இருக்கக் கூடாது. ஏனென்றால் உழவாரன் கூட்டிலிருந்து எம்பிப் பறப்பதில்லை, விழுகிறது. விழுந்து வேகம் பிடித்த பிறகே பறக்கிறது. கீழே கொடி படர்ந்திருந்தாலோ கம்பி குறுக்கே சென்றாலோ அந்த விழுதல் ஆபத்தாக முடியும். கூரை சுவரைத் தாண்டி நீளும் இறவாரத்தின் அடி நல்ல இடம். மழையும் படாது, உச்சி வெயிலும் படாது. வெயிலை எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2022 ஜூன் மாதத்தில் ஸ்பெயின் நாட்டின் செவில், கோர்தோபா நகரங்களைக் கடும் வெப்ப அலை தாக்கியபோது, சுவர் இடுக்குகளில் வெந்த உழவாரன் குஞ்சுகள் பறக்கத் தெரியும் முன்பே நூற்றுக்கணக்கில் வெளியே குதித்தன. கல்லுக்குள்ளேயே அப்படியென்றால், தெற்கு வெயிலைப் பார்த்து மாட்டிய பலகைப் பெட்டி என்ன ஆகும்? நான் முதலில் தெற்குச் சுவரில்தான் மாட்டியிருந்தேன், ஏணி வைக்க வசதியாக இருந்தது என்ற ஒரே காரணத்துக்காக. இரண்டாம் ஆண்டு வடகிழக்குச் சுவருக்கு மாற்றினேன்.

சரியான அளவில், சரியான இடத்தில் வைத்த பெட்டியும் பல ஆண்டுகள் காலியாகவே கிடக்கக்கூடும். ஏற்கெனவே கூடு உள்ள இணைகள் நேராகத் தம் பழைய வாசலுக்குத்தான் வரும்; அவற்றைப் புதுப் பெட்டிக்கு இழுப்பது அநேகமாக நடக்காத காரியம். நாம் அழைக்க வேண்டியது, இன்னும் இணை சேராமல் இடம் தேடும் இளம் பறவைகளை. அவை ஜூன், ஜூலை மாதங்களில் கூட்டமாகக் கத்திக்கொண்டு கூரை மட்டத்தில் பறந்து, பிற கூடுகளின் வாசலை இறக்கையால் தட்டிவிட்டுப் போகும். உள்ளே ஆள் இருந்தால் ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து குரல் கொடுக்கும். பதில் வரும் இடத்தை இளம் பறவை நினைவில் வைத்துக்கொள்ளும். உழவாரன் உழவாரன்களின் நடுவேதான் வாழ விரும்பும். ஆகவே, ஓர் இணையின் குரல் பதிவைச் சிறிய ஒலிபெருக்கியில் பெட்டியின் அருகே ஒலிக்கவிட்டால், யாரோ இங்கே குடியிருக்கிறார்கள், அப்படியென்றால் இது நல்ல இடம் என்று அவை கணக்குப் போடும். என்னைக் கேட்டால், ஒலி இல்லாத பெட்டி பாதிப் பெட்டி.

காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் ஒலிக்கவிட்டேன். கீச்சென்ற, காதைக் கீறும் குரல் அது. பக்கத்து வீட்டுப் பெரியவர் மூன்றாம் நாளே வந்து, உங்கள் வீட்டில் ஏதோ மின்விசிறிக்கு எண்ணெய் போட வேண்டியிருக்கிறது என்றார். விவரத்தைச் சொன்னேன். அதன் பிறகு ஒலியைச் சற்றுக் குறைத்தேன். பறவைக்குக் கேட்க அதுவே போதுமானதாக இருந்தது. அவரும் மாலை நேரங்களில் நாற்காலியை வெளியே போட்டு அண்ணாந்து பார்க்கத் தொடங்கினார்.

அந்த ஜூன் மாத இறுதியில் ஒரு பறவை வாசலில் தொங்கி, தலையை மட்டும் உள்ளே நீட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. மறுநாள் மாலை உள்ளேயே நுழைந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். அந்த உயரத்தில் என் மூச்சு அதற்குக் கேட்காது என்று பிறகுதான் உறைத்தது. அந்த ஆண்டு முட்டை இல்லை. முதல் ஆண்டில் இடத்தைப் பிடித்து வைத்துவிட்டு, அடுத்த ஆண்டு வந்து குடும்பம் தொடங்குவதே இளம் உழவாரன்களின் வழக்கம். அடுத்த மே மாதத்தில் வந்தன. பெட்டிக்குள் பொருத்திய சிறு கேமராவில் இரண்டு வெள்ளை முட்டைகளையும், ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாத்ததையும், ஏறத்தாழ இருபது நாளில் குஞ்சுகள் வந்ததையும் பார்த்தேன். தாய் தகப்பன் கொண்டுவரும் இரை தொண்டையில் உருண்டையாகத் திரண்டிருக்கும்; நூற்றுக்கணக்கான சிறு பூச்சிகளை எச்சிலில் குழைத்துச் செய்த உருண்டை அது. நடுவே நான்கு நாள் விடாமழை பிடித்தது. பூச்சிகள் பறக்காததால் பெரியவை நெடுநேரம் வரவில்லை. குஞ்சுகள் உடல் வெப்பத்தைத் தாழ்த்தி, அசைவின்றி, செத்தவைபோல் கிடந்தன. இது அவற்றின் தற்காப்பு என்று படித்திருந்தும் அந்த நான்கு நாளும் எனக்கு வேலை ஓடவில்லை. மழை விட்ட அன்று மதியம் இரண்டும் வாயைப் பிளந்தன.

பறக்கும் நாள் நெருங்கியபோது கண்ட காட்சிதான் இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. குஞ்சு இரண்டு சிறகுகளையும் தரையில் ஊன்றி, உடம்பை மேலே தூக்கி, சில நொடிகள் நடுங்கியபடி தாங்கி நின்று, மெல்ல இறக்கும். தண்டால் எடுப்பவர் போலத்தான். அதற்குள் அவை பெற்றோரைவிடக் கனத்திருந்தன. கடைசி நாட்களில் இரையைக் குறைத்து இளைத்தன. ஆறு வாரங்களுக்குச் சற்றுப் பிறகு, ஒரு விடியற்காலையில் பெரிய குஞ்சு வாசலுக்கு வந்து நெடுநேரம் வெளியே பார்த்திருந்துவிட்டு விழுந்தது. உழவாரன் குஞ்சுக்கு ஒத்திகை கிடையாது. பெற்றோர் வழிகாட்டுவதில்லை, குஞ்சு கூட்டுக்குத் திரும்புவதும் இல்லை. அந்த முதல் விழுதலே ஆப்பிரிக்கப் பயணத்தின் தொடக்கம்.

கட்டடம் எழுப்பும்போதே சுவருக்குள் பதிக்கும் கூட்டுச் செங்கல்களும் இப்போது வந்துவிட்டன. இங்கிலாந்தின் பிரைட்டன் நகரத்தில், 2020 முதல் ஐந்து மீட்டருக்கு மேல் உயரமான புதுக் கட்டடங்களில் இவற்றைப் பதிக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. இதை நாடு முழுவதற்கும் கட்டாயமாக்கக் கோரி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்ட மனு 2023இல் பிரிட்டன் நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டது. பலகைப் பெட்டி பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இற்றுப்போகும்; செங்கல் கட்டடம் உள்ளவரை நிற்கும் என்பதால் நானும் அதையே சிறந்ததாகக் கருதுகிறேன். இருந்தாலும், பறவை வாழும் ஒரு பழைய துளையைப் பூசாமல் விடுவது பத்துப் புதுப் பெட்டிகளுக்குச் சமம். பழுதுபார்க்கும் வேலையை உழவாரன்கள் கிளம்பிய பிறகு வைத்துக்கொண்டு, அவற்றின் வாசலை மட்டும் விட்டுவைத்தால், எனக்கு நேர்ந்த இந்த அலைச்சல் எதுவும் யாருக்கும் தேவைப்படாது.

இந்தப் பெட்டி எல்லா உழவாரனுக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெப்ப நாடுகளில் பாலத்தின் அடியிலும் கட்டட முகப்பிலும் இறகையும் புல்லையும் ஒட்டிக் கூட்டமாக உருண்டைக் கூடு கட்டும் சிறிய வகைக்குத் துளை தேவையில்லை. பனை உழவாரனோ பனையோலையின் அடியில் கூட்டை ஒட்டிவைக்கும். அவற்றுக்கு நாம் செய்யக்கூடியது, கட்டிய கூட்டைச் சுத்தம் என்ற பெயரில் தட்டாமலிருப்பதும், காய்ந்த ஓலையை வெட்டித் தள்ளாமலிருப்பதும்தான்.

சென்ற குளிர்காலத்தில், நான் அடைத்த பழைய பிளவையும் கொத்தித் திறந்தேன். சாரல் இறங்காதபடி பின்புறம் பலகையால் ஓர் அறை அடைத்து, முன்னால் 65க்கு 28 அளவில் வாசல் விட்டிருக்கிறேன். மே மாதத்தில் வந்த இணை நேராகப் பெட்டிக்குள் போய்விட்டது. பழைய இடத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அன்று சுவரில் மோதிய பறவை இன்னும் உயிரோடு இருக்கிறதோ இல்லையோ. இப்போதைக்கு அந்த அறையில் சிட்டுக்குருவி ஒன்று புல் அடைத்துக்கொண்டிருக்கிறது.