நாலு இட்லிக் கணக்கு

"அக்கா, நானும் நம்ம ஏரியாதான்கா. ராயபுரம் கல்மண்டபம்."

ஆடி வெள்ளிக்கிழமை, இரவு ஒன்பதரை மணி. பழைய வண்ணாரப்பேட்டையில் தம்பி போக்கியத்துக்கு எடுத்திருக்கும் வீட்டின் மொட்டைமாடியில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தேன். தெருமுனை அம்மன் கோயிலில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். டொரன்டோவில் அப்போது நடுப்பகல். அங்கிருந்துதான் அந்த மார்ட்கேஜ் புரோக்கர், அதாவது வீட்டுக் கடன் தரகர், கூப்பிட்டார். ஒருமுறை திவாலாகி எழுந்த எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் வீட்டுக் கடன் தயாராக இருக்கிறது, ஊரிலிருந்தே கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும் என்றார். "பேங்க்காரன் உங்களை ஏழு வருஷத்துக்கு வாசல்லயே வுட மாட்டான்கா. நான் இருக்கேன்ல?"

அம்மா வெற்றிலையை மடிப்பதை நிறுத்திவிட்டுப் போன் பக்கம் குனிந்தாள். "ஏம்பா, கையில எவ்ளோ வரும்?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "அம்மாவாக்கா? வணக்கம்மா. நான் அப்புறம் கூப்பிடறேன்கா" என்று வைத்துவிட்டார்.

மூன்று மாதமாக நான் கேட்காமல் விட்ட கேள்வி அது. ஏன் கேட்கவில்லை என்று அன்றைக்கு ராத்திரி முழுக்க யோசித்தேன்.

நான் கல்யாணமாகி டொரன்டோவின் ஸ்கார்பரோ பகுதிக்குப் போனது 2009-ல். அங்கே தமிழ் பேச ஆளில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கடைப் பலகை தமிழ், கோயில் தமிழ், பஸ்ஸில் பக்கத்து சீட்டும் தமிழ். ஆனால் பெரும்பாலும் அது ஈழத் தமிழ். எனக்கும் இப்போது 'ஆமாம்' என்பதற்கு 'ஓம்' சரளமாக வருகிறது. 2020-ல் எங்கள் கடை மூடிக் கிடந்தபோது மேல்மாடி யாழ்ப்பாணத்து அம்மா, "சாப்பிட்டனீங்களோ பிள்ளை?" என்று கேட்டுக்கொண்டே சோற்றுப் பாத்திரத்தை வாசலில் வைத்துவிட்டுப் போவார். அந்தக் குரலைக் கேட்டால் இன்றைக்கும் மனசு நிறையும். என்றாலும் 'இன்னா', 'துட்டு', 'வூடு', 'சொல்லிக்கினு' என்கிற எங்கள் பேச்சு அங்கே எங்கள் வீட்டுக்குள் மட்டும்தான். இந்த ஏப்ரலில் கார் நிறுத்துமிடத்தில் பனிச்சேற்றை மிதித்தபடி நிற்கும்போது தெரியாத எண்ணிலிருந்து, "இன்னாக்கா, எப்டிக்கீறீங்க?" என்று ஒரு குரல் வந்தது. காசிமேட்டு மீன் வாடையே அடித்த மாதிரி இருந்தது. அவர் பேசப் பேசக் கேட்டுக்கொண்டே நின்றேன். என்ன சொல்கிறார் என்பதை மனசு வாங்கவே இல்லை. எப்படிச் சொல்கிறார் என்பதுதான் காதில் விழுந்தது.

நாங்கள் திவாலானது 2021 ஜனவரியில். சின்ன டிபன் கடை. ஐந்து வருட வாடகை ஒப்பந்தத்தில் நான் கையெழுத்துப் போட்டிருந்தேன், அடுப்புக்கும் ஃபிரிட்ஜுக்கும் கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தோம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் எல்லாம் ஒன்றாகக் கழுத்தில் விழுந்தது.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு பெயர் உண்டு. மஞ்சக் கடுதாசி. "அவன் மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான்" என்று தெருவில் ஒருவரைப் பற்றிச் சொல்லிவிட்டால், அந்தக் குடும்பத்தின் பெண்ணை யாரும் கட்ட மாட்டார்கள். நான் வளர்ந்த பட்டாளம் பகுதியில் எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர் அப்படிக் கொடுத்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகக் காலி செய்தார். அந்த வீட்டு வாசலில் ஒரு செருப்பு மட்டும் ரொம்ப நாள் கிடந்தது. டொரன்டோவில் திவால் நடவடிக்கையைப் பார்த்துக்கொள்ளும் அறங்காவலரின் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது அந்தச் செருப்புதான் கண்ணில் நின்றது. மத்திய அரசின் உரிமம் பெற்றவர் அவர். மரியாதையாகப் பேசினார். முதல் முறை திவால், வரம்புக்கு மேல் வருமானமும் இல்லை என்றால் ஒன்பது மாதத்தில் கடன்களிலிருந்து தானாகவே விடுவிப்பு. நடுவில் இரண்டு தடவை பண ஆலோசனை வகுப்புக்குப் போக வேண்டும், மாதாமாதம் வரவு செலவு எழுதிக் கொடுக்க வேண்டும். 2021 அக்டோபரில் விடுவிப்புக் கடிதம் தபாலில் வந்தது. வெள்ளை உறை. அம்மாவிடம் போனில் அதைச் சொன்னபோது, "வெள்ளையா? சரி, அப்போ ஒண்ணுமில்ல" என்றாள். ஒன்பது மாதம் கழித்து அன்றைக்குத்தான் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம்.

அந்த வகுப்பில் சொன்னதை இப்போது திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். திவால் விவரம், கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் ஈக்விஃபேக்ஸ் நிறுவனத்தின் பதிவில் விடுவிப்புக்குப் பிறகு ஆறு வருடம் இருக்கும். அதற்காக ஆறு வருடமும் எல்லாக் கதவும் மூடியிருக்கும் என்று அர்த்தமில்லை. விடுவித்து இரண்டு வருடம் தாண்டி, புதிதாக இரண்டு கடன் கணக்குகளை ஒழுங்காகக் கட்டிவந்தால், மார்ட்கேஜ் காப்பீட்டோடு (நாம் கட்டாமல் போனால் வங்கியின் நஷ்டத்தை ஈடுகட்டும் காப்பீடு) வங்கியே விண்ணப்பத்தைப் பார்ப்பது சாதாரணமாக நடக்கிற விஷயம்தான். ஐந்து லட்சம் டாலர் வரை விலையுள்ள வீட்டுக்கு ஐந்து சதவீதம் முன்பணம் போதும். நான் முதியோர் இல்லச் சமையலறையில் வேலை பார்க்கிறேன், என் வீட்டுக்காரருக்குக் கிடங்கில் இரவு ஷிப்ட். 500 டாலர் பிணைப்பணம் கட்டி வாங்கிய கார்டு ஒன்று, அப்புறம் இன்னொன்று. ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. நாலு வருடத்தில் 45,000 டாலர் சேர்த்திருக்கிறோம். இவ்வளவும் கையில் இருந்தும் 'பேங்க் உங்களை வுட மாட்டான்' என்று ஒருவர் சொன்னதும் நான் நம்பினேன். எனக்குள் இருந்த வெட்கம் அதற்கு முன்பே அதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

என் எண் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று அவரிடம் கேட்டதில்லை. கனடாவில் திவால் பதிவு பொதுப்பதிவு. கட்டணம் கட்டினால் யாரும் தேடலாம். அதனால் நம்மைப் போன்றவர்கள் கூடுதலாகவே உஷாராக இருக்க வேண்டும். நம் புண் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வருகிறவர்களும் உண்டு.

மறுநாள் காலை அம்மா இட்லிக்கு மாவைக் கரண்டியால் கலக்கியபடி, "அந்தப் புள்ள கணக்கை முழுசாச் சொல்லு" என்றாள். சொன்னேன்.

டொரன்டோவுக்குக் கிழக்கே ஓஷாவாவில் நாலு லட்சம் டாலரில் ஒரு அடுக்குமாடி வீடு. தனியார் ஒருவர் 3,20,000 தருவார், பத்து சதவீத வட்டி. மீதி 80,000-க்கு எங்கள் 45,000 போக, 35,000-க்கு இன்னொருவரிடம் இரண்டாம் அடமானம், பதினாலு சதவீதம். இரண்டுக்கும் ஒரு வருடத் தவணைதான். மாதாமாதம் வட்டி மட்டும் கட்டினால் போதும். "லேசா இருக்கும்கா" என்று அவர் சொன்னது இதைத்தான்.

"அசலு?"

அசல் அப்படியே இருக்கும்மா.

"வருசம் முடிஞ்சா?"

புதுப்பிக்கணும். அதுக்கு ஒரு கட்டணம்.

"கையில எவ்ளோ வரும்னு கேட்டேனே."

கடன்காரருக்கு இரண்டு சதவீதம், புரோக்கருக்கு இரண்டு சதவீதம். பெரிய கடனில் மட்டும் அது 12,800. முதலிலேயே பிடித்துக்கொள்வார்கள். ஆக, வருவது 3,07,200. வட்டி 3,20,000-க்கு.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "இது தண்டல், கண்ணு."

நைனா வேலை பார்த்த பி அண்ட் சி துணி மில் 1996-ல் மூடப்பட்டபோது எனக்குப் பதினொரு வயது. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததே அந்த மில் தொழிலாளர்களுக்காகத்தான் என்று நைனா பெருமையாகச் சொல்வார். மூடிய பிறகு அதையும் சொல்வதில்லை. அம்மா பட்டாளத்து வீட்டு வாசலில் இட்லிக் கடை போட்டாள். அதற்கு முதல், தண்டல் பணம். 2,000 ரூபாய் என்று பேச்சு, 300 பிடித்துக்கொண்டு கையில் 1,700. தினம் இருபது ரூபாய், நூறு நாள். எழுதிப் பார்த்தால் முந்நூறு ரூபாய் வட்டி சின்னதாகத் தெரியும். ஆனால் அசல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துப் பார்த்தால் வருடத்துக்கு நூறு சதவீதத்தைத் தாண்டும்.

தண்டல்காரர் சாயங்காலம் ஆறு மணிக்கு சைக்கிளில் வருவார். சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து ஒரு டிக் போடுவார். அப்புறம் திண்ணையில் உட்கார்ந்து நாலு இட்லி சாப்பிடுவார். காசு கொடுக்க மாட்டார். கேட்க அம்மாவுக்குத் தைரியமில்லை. மழை கொட்டி ஒரு இட்லிகூட விற்காத நாளிலும் அந்த நாலு இட்லி போகும். நூறாவது நாள் அடுப்புக்கரியால் சுவரில் கணக்குப் போட்டாள். இட்லி ஐம்பது காசு, நாளைக்கு இரண்டு ரூபாய், நூறு நாளைக்கு இருநூறு. வட்டி முந்நூறு இல்லை, ஐந்நூறு. அந்தக் கரிக்கணக்கை வெள்ளையடிக்க அவள் ரொம்ப நாள் விடவே இல்லை.

மின்ட் தெருப் பக்கத்துச் சேட்டுக் கடையில்தான் அவள் கம்மல் மூழ்கிப் போனது. ஆனாலும் அவரை அம்மா திட்டியதே இல்லை. "சேட்டு சீட்டு குடுத்தாரு. எடை, துட்டு, வட்டி எல்லாம் அதுல இருந்துது. நான்தான் மீட்கல" என்பாள்.

"இந்தப் புள்ள சீட்டு குடுத்தானா?"

இல்லை. வாட்ஸாப்பில் குரல்பதிவாக மட்டும் பத்துப் பதினைந்து அனுப்பியிருந்தார். டொரன்டோ இருக்கும் ஒண்டாரியோ மாகாணத்தில் கட்டணம், வட்டி, மொத்தச் செலவு எல்லாவற்றையும் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். வீட்டு மதிப்பீட்டுச் செலவு, கடன் கொடுப்பவருடைய வக்கீல் செலவுகூட நம் தலையில்தான் விழும். புதுப்பிக்கிற கட்டணம் வேறு. அம்மா விரலை மடக்கிக்கொண்டே வந்தாள். "நாலு இட்லி. இதுவும் நாலு இட்லி."

அப்புறம்தான் தம்பி போனை எடுத்து, "அந்த ஊர்ல லைசென்ஸு பாக்க இடம் இருக்காக்கா?" என்று கேட்டான். இருக்கிறது. ஒண்டாரியோவின் நிதிச் சேவைகள் ஒழுங்குமுறை ஆணையம் உரிமப் பட்டியலைப் பொதுவில் வைத்திருக்கிறது. பெயரைத் தட்டினோம். பெயர் இருந்தது. மார்ட்கேஜ் ஏஜென்ட், லெவல் ஒன். 2023 ஏப்ரலில் இருந்து தனியார் கடனில் கைவைக்க லெவல் டூ உரிமம் வேண்டும். லெவல் ஒன் ஆள் வங்கி மாதிரியான நிறுவனங்களின் கடனை மட்டும்தான் கையாளலாம்.

எனக்கு முதலில் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. தெரியாத மொழியில் ஒருவர் ஏமாற்றப் பார்த்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. 'கல்மண்டபம்' என்ற சொல்லை அவர் ஒரு சாவி மாதிரி கையில் வைத்திருந்தார். நானும் கதவைத் திறந்துவிட்டேன். கட்ட முடியாமல் போனால் ஒண்டாரியோவில் பதினைந்து நாள் தவறியதும் கடன் கொடுத்தவர் வீட்டை விற்கும் நோட்டீஸ் அனுப்பலாம், பிறகு மீட்டுக்கொள்ள முப்பத்தைந்து நாள். அந்த ஐம்பது நாளுக்குப் பிறகு எங்கள் நாலு வருட 45,000 போயிருக்கலாம். நம் ஊர்க் குரலில் யாராவது கடன் பேசினால், அந்தக் குரலுக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுங்கள், காகிதத்தைத் தனியாகக் கேளுங்கள். இதை எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன்.

கணக்கை எழுத்தில் அனுப்புங்கள் என்று அவருக்கு ஒரே ஒரு செய்தி போட்டேன். அதற்குப் பிறகு அழைப்பு இல்லை. என் வங்கிக் கிளையில் செப்டம்பரில் நேரம் வாங்கியிருக்கிறேன். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். காப்பீட்டுப் பிரீமியமும் செலவுதான், ஆனால் அது காகிதத்தில் இருக்கும். கிடைக்காவிட்டால் அடித்தளத்து வாடகை வீட்டிலேயே இன்னும் இரண்டு வருடம். அது பழகிவிட்டது. குளிர் பழகிவிட்டது, மாலை ஐந்துக்கே இருட்டுவது பழகிவிட்டது. ஜன்னல் வழியே தெரியும் புல்வெளிக்கு மேலே சரக்கு ரயில் சத்தம் கேட்டால் மட்டும் கொருக்குப்பேட்டை கேட் என்று நினைத்து எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அம்மாவோடு பட்டாளம் போனேன். பழைய வீடு இல்லை. மில் இருந்த இடத்தில் அடுக்குமாடிகள் வானத்துக்கு நிற்கின்றன. அம்மா ஒரு இடத்தில் நின்று, "இங்கதான் கேட்டு. ஷிப்ட் வுட்டா நைனா இந்தப் பக்கமா தூக்குச்சட்டியோட வருவாரு" என்று கை காட்டினாள். அங்கே வெயிலில் நின்றிருந்த ஒரு பையன் வீட்டுக் கடன் நோட்டீஸ் ஒன்றை நீட்டினான். சின்னப் பையன், வியர்த்துப் போயிருந்தான்.

அம்மா வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். "வட்டி இதுல போட்டுக்குதா, கண்ணு?"

"கீழ சின்ன எழுத்துல இருக்கு பாட்டி."

"சரி, சாப்டியா நீ?" என்று அவனைக் கேட்டுவிட்டு, அந்தத் தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.